அரை வேகம்

செஞ்சி,
14-10-1966

கண்ணு,

மூன்று வருஷமாக உனக்கு ஒரு வரி எழுதாத நைனா எழுதுகிறேன். தபாலில் போட்டால் இரண்டு நாள் ஆகும் என்று மரக்காணம் போகிற பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். கிடைத்ததும் கரைக்கு ஓடு.

உன் வீட்டுக்காரனின் படகு இஞ்சினைப் பிரித்து, புதுப் பிஸ்டனும் ரிங்கும் போட்டு நான்தான் கட்டினேன். வேலையில் குறை இல்லை. நேற்று லாரியில் ஏற்றும்போது அவன் கேட்டான்: "மாமா, ஃபுல் ஸ்பீடுல வுடலாமா?"

என்னைக் கேட்காமல் உன்னைக் கூட்டிப்போனவனோடு பேசுவதில்லை என்று இருப்பவன் நான். துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அதையே சம்மதம் என்று நினைத்துக்கொண்டு அவன் போய்விட்டான்.

"ஒரு வார்த்தை சொன்னா வாயிலருந்து முத்தா உதிர்ந்துடும்?" என்றாள் உன் அம்மா.

புது ரிங் பழகும்வரை, முதல் ஐம்பது மணி நேரம் அரை வேகம்தான். மீறினால் பிஸ்டன் சூடேறி சிலிண்டருக்குள் இறுகி, இஞ்சின் நின்றுவிடும். நான் வழக்கமாகப் பழுது பார்க்கிற கிணற்று இஞ்சின் நின்றால் வீட்டுக்கு நடந்து வந்துவிடலாம். இவன் எங்கே நடப்பான்?

காலையிலிருந்து கிழக்கே கறுத்துக்கொண்டு வருகிறது. சற்றுமுன் பக்கத்துக் கழனியில் பம்புசெட்டை நிறுத்தினார்கள். சத்தம் நின்றதும் காகிதத்தை எடுத்து எழுத உட்கார்ந்தேன்.

படகு கரையில் இருந்தால் இதைப் படித்துக் காட்டு. கிளம்பியிருந்தால் நீ கரையிலேயே நில். கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் நானும் வருகிறேன். மாப்பிள்ளை கேட்டதற்கு நான் நேரில் பதில் சொல்ல வேண்டும்.

நைனா