செட்டிபாளையம் சந்தியில் தொங்கிய உன் சிரிப்பு

என் ஜெரோம் மச்சானுக்கு,

நேற்று நம்மட சந்தியில் ஒரு வேலை பார்த்தேன். கேட்டால் முதலில் சிரிப்பாய், பிறகு ஏசுவாய்.

நாம் இருவரும் வேலையை விட்டு வந்த அந்தக் கிறிஸ்தவ ஊழிய நிறுவனம் உனக்குக் கண்ணீர் அஞ்சலிப் பதாகை கட்டியிருந்தது. உன் படத்தின் கீழே கொட்டை எழுத்தில், "இறுதி மூச்சுவரை எமது பணியில்." எந்த இறுதி மூச்சு? நீ காய்ச்சலில் கிடந்தபோது அவர்களில் ஒருவராவது ஆஸ்பத்திரி வாசலை மிதித்தாரா?

வாவியோரக் கிணறுகள் கோடையில் உவர்த்துப் போகும் என்றுதானே நிறுவனத்துக்காக அந்தத் தண்ணீர்ச் சுத்திகரிப்பு இயந்திரத்தைப் பொருத்தினோம். அது ஓடத் தொடங்கியதும் வந்தது பணிப்பாளரின் சட்டம்: ஞாயிறு செபத்துக்கு வரும் வீடுகளுக்குத்தான் தண்ணீர். வெறுங்குடத்தோடு நின்ற பரமேஸ் அக்கா கேட்டாவே, "ஏன் தம்பி, முழங்காலில நிண்டாத்தான் உங்கட மிசின் வேலை செய்யுமோ?"

நான் பிள்ளையார் கோயிலுக்குப் போகிறவன். எனக்குக் கோபம் வந்ததில் அதிசயமில்லை. தேவாலயத்தில் பாடுகிற நீதான் முதலில் இயந்திர அறைச் சாவியைப் பணிப்பாளரின் மேசையில் வைத்து வேலையை விட்டாய். "தண்ணியக் காட்டி வாங்கினா அது செபமில்ல, ஐயா." விசுவாசம் கெட்டவன் என்று உன்னை ஏசினார். அதே வாய்தான் உன் பெட்டியருகே நின்று "எங்கள் உத்தம ஊழியன்" என்றது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பதாகையைக் கிழிக்க ஏணியோடு போனேன். உன் அம்மா வீட்டிலிருந்து ஓடி வந்தா.

"கிழிக்காத மனே! இவன் சிரிக்கிற படம் என்னட்ட வேற இல்ல."

"அதில இருக்கிறது பொய், அம்மா."

"எழுத்துத்தானே பொய். சிரிப்பு என்ட பிள்ளைட."

உன் முகத்தை மட்டும் அளவாக வெட்டிக் கொடுத்தேன். மார்போடு அணைத்துக்கொண்டு போனா.

மிச்சத்தை வீணாக்கவில்லை. வேலையை விட்ட பிறகு, கழித்துப்போட்ட பாகங்களை வைத்து நீயும் நானும் பாதி கட்டிய இன்னொரு இயந்திரம் பரமேஸ் அக்கா வீட்டு வளவில் நிற்கிறதே, அதன் மோட்டருக்கு வெயில் படாமல் கட்டிவிட்டேன், எழுத்து உட்பக்கம் போக.

வேலையை விட்ட பிறகும் சாப்பாட்டுக்கு முன் கண்மூடிச் செபிப்பாய். கடைசியிலும் ஆண்டவரை நம்பித்தான் போனாயா மச்சான்? கேட்காமல் விட்டுவிட்டேன்.

நம்மட இயந்திரத்தின் மிச்ச வேலையை நான் முடிப்பேன். குடத்தோடு வரும் யாரிடமும் எந்தச் சாமி என்று கேட்கமாட்டேன். அந்தப் பணிப்பாளரே வந்து நின்றாலும் கொடுக்கத்தான் சொல்வாய், தெரியும். கொடுப்பேன். ஏசி ஏசிக் கொடுப்பேன்.

இன்னும் கோபம் ஆறாத
உன் மச்சான்,
கஜன்