ஆறு மணி நேரம்தான் ஊறியது

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. நான், அப்பா, அக்கா மூவரும் சுகம், உனக்கும் அங்கே இருமல் விட்டிருக்கும் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். அப்பாவுக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது, போட்டதும் வீடு இவ்வளவு அழுக்காகவா இருக்கிறது என்று கேட்டு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். எனக்கு வேலையில் ஏதோ பிரச்சினை என்று அக்கா போனில் உளறியிருப்பாள். அரைகுறையாகக் கேட்டு நீ தவிப்பதைவிட நானே முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஏற்றச் சாலையைப் போன வருடம் புதிதாகப் போட்டார்கள் அல்லவா, இந்த மழையில் அது குழிகுழியாகப் பெயர்ந்துவிட்டது. ஒரு ஆம்புலன்ஸின் சக்கரம் இறங்கிச் சிக்கிக்கொண்டது, நல்லவேளை, உள்ளே நோயாளி இல்லை. ரோடு ரோலர் ஓட்டியவர் சரியாக அழுத்தவில்லை என்று அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். சாலையிலிருந்து வட்டமாக அறுத்தெடுத்த துண்டுகள் எங்கள் சோதனைக்கூடத்துக்கு வந்தன. ஒன்றைத் தூக்கினேன், அடிப்பக்கம் கையோடு உதிர்ந்தது. மேலே கறுப்பு, உள்ளே ஜல்லி கழுவி வைத்தது போல வெளுத்திருந்தது. ரோலர் செய்த தப்பு இல்லை இது, தண்ணீர் புகுந்து கல்லிலிருந்து தாரை உரித்திருக்கிறது. அந்தக் கலவை தண்ணீர் தாங்கும் என்று கையெழுத்துப் போட்டது யார் என்று பதிவேட்டைப் புரட்ட வேண்டியிருக்கவில்லை, நான்தான்.

கலவையில் ஆறு உருளைகள் செய்து, மூன்றை உலர்வாக வைத்து, மூன்றை முழு நாள் வெந்நீரில் ஊறப்போட்டு, பிறகு ஆறையும் இயந்திரத்தில் அழுத்தி உடைத்துப் பார்ப்போம். ஊறியதற்கும் ஓரளவு அதே பலம் இருந்தால்தான் தேறும். போன வருடம் இந்தக் கலவையைச் சோதித்த நாளுக்கு மறுநாள் உன்னை விமானம் ஏற்ற விடுப்பு எடுத்திருந்தேன், அறிக்கையை அவசரமாகக் கேட்டார்கள், ஆறு மணி நேரத்திலேயே வெளியே எடுத்து உடைத்துவிட்டு முழு நாள் என்று எழுதிவிட்டேன். இப்போது கிடங்கில் மிச்சமிருந்த அதே ஜல்லியில் திரும்பச் செய்து முழு நாள் ஊறவைத்தேன். பாதிப் பலம்கூட இல்லை.

தலைமைப் பொறியாளரிடம் போய்ச் சொன்னேன். யாருமே கேக்கலையேம்மா, நீங்களா ஏன் வாயத் திறக்கறீங்க என்றார். யாரும் கேக்காததாலதான் சார் ரோலர்காரர் வீட்ல உக்காந்திருக்கார் என்று சொல்லிவிட்டு, எழுத்திலும் கொடுத்தேன். எனக்கு மூன்று மாதம் இடைநீக்கம், அதன் பிறகும் அறிக்கையில் கையெழுத்துப் போடும் உரிமை கிடையாது. ரோலர்காரரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டு, தார் கல்லைப் பிடித்துக்கொள்ளச் சுண்ணாம்பு சேர்த்துப் புதிதாகப் போடுகிறார்கள்.

ரோலர்காரர் நேற்று வீட்டுக்கு வந்தார். எனக்கு உங்க மேல கோபம் போகலை மேடம், ஒன்றரை மாசம் எம்பொண்ணு என்னை ஒரு மாதிரி பார்த்தா என்றார். அப்பா கொடுத்த டீயை முழுதும் குடித்துவிட்டு, வாசலில் செருப்பை மாட்டும்போது, நீங்க சொல்லலைன்னா அவ இன்னும் அப்படியேதான் பாத்துட்டிருப்பா என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் உனக்கு எழுதத் தைரியம் வந்தது.

உன்னை வழியனுப்பப் போனதால்தான் இப்படி ஆயிற்று என்று மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே, பொய்யை எழுதியது என் கை. நீ நோய்நொடி இல்லாமல், நிம்மதியாக நீடூழி வாழ வேண்டும். இதைப் படித்ததும் டிக்கெட் தேடாதே, போன் மட்டும் செய், பகலெல்லாம் வீட்டில்தான் இருக்கிறேன்.

உன் மேல் உயிராக இருக்கும்,
அம்மா