முந்திரிக்கு வெயில், கடலைக்கு மழை

ஜனவரி 21, வியாழன்
தை மாதத்தில் மேகமூட்டம்! துணி காயவில்லை. காஸ் புக் பண்ணணும்.
முத்தாண்டிக்குப்பத்தில் என் முந்திரி பூத்து நிற்கிறது. மழை பட்டால் பூ கருகும். குள்ளஞ்சாவடியில் இவர் போட்ட கடலை வாடுகிறது. மழை வந்தால்தான் பிழைக்கும். ஒரே குவார்ட்டர்ஸில் ரெண்டு வானம் தேவைப்படுகிறது.
நைட் ஷிஃப்ட் முடித்து வந்து இவர் சொன்னது: "மழையும் ஷிஃப்ட் மாத்திக்கிச்சு. ஐப்பசியில வரவேண்டியது தையில வருது. இந்த வருஷமும் உன் பூ கருகினா தோப்ப வெட்டிட்டு சவுக்குதான்."
அப்பா நட்ட மரங்கள். காபியில் சர்க்கரை போடாமல் கொடுத்தேன்.

ஜன. 22, வெள்ளி
சர்ச்சிலிருந்து உபதேசியார் வந்தார். ஞாயிறு பூசையில் மன்றாட்டு வாசிக்கும் முறை எனக்காம். "மழைக்காக ஒண்ணு எழுதிக்கம்மா." பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டித் தொலைத்தேன். இவருக்கு வாயெல்லாம் பல்.

ஜன. 23, சனி
மு.குப்பம் பஸ். நின்றுகொண்டே. தோப்பு முழுக்கப் பூ. வேலியோர மரம் மட்டும் வழக்கம்போலத் தூக்கம். ஊரே பூத்து ஓய்ந்த பிறகுதான் அதற்கு விடியும். வெட்டினால் முதல் வெட்டு அதற்குத்தானாம், இவர் தீர்ப்பு.
மன்றாட்டு விஷயம் சொன்னதும் தோப்புக் காவல் காசியம்மா: "ராக்கெட்டு வுட்டு வுட்டு வானத்த ஓட்ட பண்ணிட்டானுவோ. அதான் கண்ட மாசத்துல ஒழுவுது. ஐயாவோட மல்லாட்டைக்காவ நீங்களே மழை கேக்கறீங்களாம்மா? ஞாயமா?"
திரும்பும் பஸ்ஸிலேயே மன்றாட்டை இரண்டாக்கினேன்.

ஜன. 24, ஞாயிறு
முதலாவது: மழை வேண்டிய நிலத்துக்கு மழை. கடலைக்காரர்கள் பதிலுக்குச் சொன்ன "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" கூரையை இடித்தது. பாட்டுக்கே வாய் திறக்காத இவர் குரல் எல்லாவற்றுக்கும் மேலே. முந்திரிக்காரர்களுக்கு இருமல்.
இரண்டாவது: வேண்டாத நிலத்துக்கு வெயில். இருமல் அந்தப் பக்கம் போய்விட்டது.
உபதேசியார் முறைத்தார். மதியம் மீன் குழம்பு. உப்பு கூட.

ஜன. 25, திங்கள்
மழை கொட்டோ கொட்டு. மு.குப்பத்தில். கு.சாவடியில் பொட்டுத் தூறல்கூட இல்லை. ஆண்டவர் இரண்டையும் கேட்டார், நிலத்தைத்தான் மாற்றிவிட்டார். இவர் சாப்பிடவில்லை. நானும்.

ஜன. 28, வியாழன்
தோப்புக்கு இருவரும். பூவெல்லாம் கருப்பு. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். இவர் மரம் மரமாகப் பார்த்துக்கொண்டே போனார். எதை முதலில் வெட்டலாம் என்று கணக்குப் போடுகிறார் என நினைத்தேன். வேலியோரம் நின்றுவிட்டார். சோம்பேறி மரத்தில் இப்போதுதான் மொட்டு.
காசியம்மா: "தூங்கிக்கினு இருந்ததால தப்பிச்சிக்கிச்சுங்க."
இவர் கிளையை இழுத்துப் பார்த்தார். "இதுலேருந்து ஒட்டுக்கன்னு கட்டி, தோப்பு பூரா வெக்கலாமாடி?"
சவுக்கு பற்றி மூச்சில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.
பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் கொடுத்தார். வரும் ஞாயிறு மன்றாட்டு இவர் முறை. கடலைக்கு மழைதான் கேட்பாராம். தாராளமாகக் கேளுங்கள், சர்வே நம்பரோடு கேளுங்கள் என்றேன்.