விறகுக்குப் போட்ட கட்டில்

1956 நவம்பர் 14, புதன். இரவு மணி 9.10. கராஜில் விறகு 186 கட்டை.

நாளை தங்கச்சியின் கலியாணம். ஆறு நாளாக மழை விடவில்லை.

மாரி மழைக்கு முன்பே வாப்பாவின் காரை ஒரு பக்கம் ஒதுக்கி, கராஜுக்குள் செங்கல் வைத்துப் பலகை போட்டு, சுவரில் முட்டாமல் விறகை அடுக்கியிருந்தேன். அடியால் காற்றுப் போய்வந்தால் ஈரம் தங்காது, கறையானும் ஏறாது. காருக்கு வைத்த பெட்ரோல் டின்னும் விறகும் ஒரே இடத்திலா என்று வாப்பா பயந்தார். அன்று மாமா வாசலில் நின்று சிரித்தார். "மருமகன் இஞ்சினியருக்குப் படிச்சு விறகுக்குக் கட்டில் போட்டிருக்கார். பாயும் தலகணியும் குடுங்க!"

இன்று பின்னேரம் மாமா தன் முற்றத்து விறகைத்தான் முதலில் அடுப்பில் வைக்கச் சொன்னார். புகைதான் வந்தது. சமையல்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "இத நம்பினா நாளைக்குச் சோறில்ல" என்று எழும்பிவிட்டார். உம்மா அழத் தொடங்கினார். நான் கராஜிலிருந்து ஒரு அணைப்பு விறகு கொண்டுவந்தேன். முதல் தீக்குச்சியிலேயே பற்றியது.

மாமா கிட்ட வந்தார். "மருமகன், நம்மட ஊட்டுக்கும் கொஞ்சம் தாங்க."

"ஓம் மாமா. தலகணியோடயா?"

வாப்பாவே சிரித்துவிட்டார்.

இனிச் செய்ய வேண்டியவை:

1. சுபஹுத் தொழுகைக்கு முன் பெட்ரோல் டின்னைக் கராஜை விட்டு எடுப்பது. வாப்பா பயந்ததில் பிழையில்லை.
2. மாமாவுக்கு இருபது கட்டை.
3. இனி இந்த வீடும் கராஜும் சீதனமாகத் தங்கச்சிக்கும் மாப்பிள்ளைக்கும். விறகு அடுக்கும் முறையை மச்சானுக்கு நாளைக்கே காட்டுவது. கலியாண உடுப்போடு என்றாலும் சரி.