சொல்லாமல் திருத்தியவன்

அன்புள்ள இஞ்சாருங்கோ,

லதீசின் வேலை பறிபோகாமல் தப்பிவிட்டது. இனி கிளென் வேவர்லியில் மகள் வீட்டில் பேரனோடு நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்.

சக பொறியியலாளர்களின் வரைபடங்களில் பிழை கண்டால், அவர்கள் வெட்கப்படுவார்களே என்று நம் மகன் சொல்லாமலே திருத்தி வந்திருக்கிறான். பள்ளியில் என் மாணவியின் விடைத்தாளில் பிழையை அழித்து நானே சரியாக எழுதிக் கொடுத்தால் எப்படி இருக்கும்! யாரோ வேண்டுமென்றே குழப்புகிறார்கள் என்று பரமட்டா அலுவலகத்தில் ஒருவரையொருவர் சந்தேகித்திருக்கிறார்கள்.

நேற்றுக் கூட்டத்தில் இவனே எழுந்து ஒப்புக்கொண்டிருக்கிறான். இனிப் பிழையை முகத்துக்கு நேரே சொல், நாங்களும் உனக்குச் சொல்கிறோம் என்று மேலாளர் சிரித்தாராம்.

இன்று சாப்பிடும்போது, "அம்மா, உங்கட சொதியில எப்பவும் தேசிப்புளி கூடிப்போகுது" என்றான்.

"இவ்வளவு காலமும் ஏனடா சொல்லேல்லை?"

"அப்பாதான் சொல்ல வேண்டாம் எண்டவர்."

வந்து நேரே சொல்லுங்கள்.

உங்கள் சமையல்காரி