நான்காம் மாடி விளக்கு

பெரியவளின் அப்பாவுக்கு வணக்கம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் நலம்தான். ஒரு வேடிக்கை நடந்தது, பயப்படாமல் படியுங்கள்.

நான் கூட்டித் துடைக்கும் அலுவலகத்தில் நான்காம் மாடி காலி. ஆள் நுழைந்தால் தானாக எரியும் விளக்கு, அங்கே கழிவறையில் மட்டும் பகலில் பத்துத் தடவை எரிகிறதாம். "அங்க ஏதோ இருக்குக்கா, தனியா போயிடாதீங்க," என்றார் காவலாளி.

அந்தப் பேய் நான்தான். அடிக்கடி மூத்திரம் முட்டும், போனால் நாலு சொட்டு, நெருப்பாய் எரியும். கூட வேலை செய்கிறவர்கள் எத்தனை தடவை போகிறேன் என்று எண்ணிச் சிரிப்பார்களே என்று அங்கே ஒளிந்துகொண்டேன்.

கடைசியில் டாக்டரம்மாவிடம் போனேன். "மாதவிலக்கு நின்னா உள்ள வறண்டுபோகும், அதனாலதான் இவ்வளவும். நிறைய பேருக்கு உண்டும்மா," என்று களிம்பு தந்தார். இரண்டு மாதத்தில் அடங்கியது. மேலே போவதை விட்டேன்.

விளக்கு விடவில்லை. நேற்றும் பத்துத் தடவை என்றார் காவலாளி. ஏறிப் போனேன். கடைசிக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாரோ என்னைப் போலவே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள். இருவரும் அசையாததில் விளக்கு அணைந்துவிட்டது.

"எரியுதா?" என்றேன்.

"ஆமா," என்றது இருட்டு.

டாக்டரம்மாவின் மருந்துச் சீட்டைக் கதவுக்கடியில் தள்ளிவிட்டு வந்தேன்.

பருத்தி உள்ளாடை நாலு வாங்கி அனுப்புங்கள். வேலைக்கு நேரமாகிவிட்டது. போன விடுமுறையில் ஊருக்கு வந்தபோது நீங்கள் தொட்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேனே, அது கோபமில்லை, வலி. அந்த இருட்டில் நீங்கள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானும் "ஆமா" என்றிருப்பேன்.