துணியில் ஏறிய நீலம்

புதுக் கடைகளுக்கு இன்று வெள்ளையடிக்கிறார்கள். அடிப்பவர் சுண்ணாம்பு வாளி முன்னால் குந்திக்கொண்டு, நீலப் பொட்டலத்தைப் பிரித்துக் கந்தையில் முடிந்து, வாளிக்குள் விட்டு ஆட்டினார். வெள்ளையில் நீலம் புகைபோலப் பிரிந்து போனது. சுவரில் விரிசல் விட்டதற்காகத் திட்டப் போனவன், திட்டாமல் நின்றுவிட்டேன்.

"இன்னா சார், நீலம் ஜாஸ்தியா பூட்டுச்சா?" என்று கேட்டார்.

"இல்ல. போடு."

வேறென்ன சொல்வது? இந்த நீலத்தால்தான் இந்தக் கடைகள் பள்ளத்தில் எழும்பாமல் இங்கே மேட்டில் எழும்பியிருக்கின்றன என்று அவரிடம் சொன்னால், வெயில் ஏறிவிட்டது சாருக்கு என்பார். சொன்னால் புரிகிற ஆள் நீ ஒருவன். அதனால் உனக்கு எழுதுகிறேன். உனக்கு நான் கடிதமே எழுதியதில்லை. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருந்தாய், எதற்கு எழுத?

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. பிறகு நான் ஓவர்சீயர் படிப்புக்குப் போனேன். நீ எவர்சில்வர் பாத்திரத்தைக் கோணியில் கட்டிக்கொண்டு அனந்தபுரம் சந்தைக்கும் அவலூர்பேட்டை சந்தைக்கும் போனாய். படித்து முடித்து நான் செஞ்சிக்கே வேலைக்கு வந்தபோது, பேருந்து நிற்கும் இடத்தில் கோணியோடு நின்றுகொண்டு, "வாங்க ஓவர்சீயரே, இந்த மூட்டைக்கு ஒரு எஸ்டிமேட் போடுங்க" என்றாய். ஊரே திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து உன் வாயில் எனக்குப் பெயர் கிடையாது, ஓவர்சீயர்தான்.

அந்த வருஷம்தான் டவுன் பஞ்சாயத்தில் கடைத் திட்டம் வந்தது. சந்தைத் திடலை ஒட்டி ஒரு பள்ளம், எந்தக் காலத்திலோ கோட்டைக்குக் கல் வெட்டி எடுத்தது என்பார்கள். அதை மண்போட்டு நிரப்பி, மேலே வரிசையாகக் காரைக் கட்டடக் கடைகள். ஓலைக் கொட்டகைகள் போய்விடும். மீன் கடை, கறிக் கடை கழுவுகிற தண்ணீருக்கும் கக்கூசுக்கும் பள்ளத்தின் ஓர் ஓரத்தை நிரப்பாமல் விட்டு உறிஞ்சு குழி தோண்டுவது. ஊர் நீருக்கும் சுகாதாரத்துக்கும் இதனால் கெடுதல் உண்டா என்று பார்த்து எழுதித் தர வேண்டியது என் வேலை.

மூலைக் கடைக்கு நீ மனுப் போட்டிருந்தாய். கட்டாத கடையில் எந்த ஆணியில் எந்தத் தூக்குவாளி தொங்க வேண்டும் என்பது வரை உனக்குத் தெரியும். "தலைல கீற மூட்டைய எறக்கி வச்சிட்டு ஒரு நாற்காலில உக்காரணும்டா. சனங்க என்னத் தேடி வரணும். அவ்ளோதான்" என்பாய். உன் அம்மாவுக்கும் அதே நினைப்பு. உன் நைனா காலமானபின் உன் கழுத்து வலிக்கு எண்ணெய் தேய்த்து அவர் கைதான் ஓய்ந்து போயிருந்தது.

நிலமட்டம் எடுக்க எனக்கு ஆள் தரவில்லை. நீ சந்தையில்லாத நாட்களில் வந்து அளவுகோலைப் பிடித்தாய். ஒரு நாளும் நேராகப் பிடித்ததில்லை.

"டேய், கோலு சாயுது."

"கோலு நேராத்தான் இருக்குது. உன் கண்ணாடிதான் சாயுது."

"கடைய உன் இஷ்டத்துக்குச் சாய்ச்சிக் கட்டிடுவேன், பாத்திரமெல்லாம் உருண்டு ஓடும்."

"உருண்டா உருளட்டும். கடைன்னு ஒண்ணு இருந்தாத்தானே உருளும்?"

மட்டம் எடுத்ததில் ஒன்று தெரிந்தது. பள்ளத்தின் அடியிலிருந்து நிலம் உங்கள் தெருப் பக்கம் சரிகிறது. அடியில் மண் இல்லை, பாறை. பாறையில் வெடிப்பு இருந்தால் குழியில் விடுகிற கழிவு வெடிப்பு வழியே எங்கே வேண்டுமானாலும் போகும். இதைப் பஞ்சாயத்துத் தலைவர் அறையில் சொன்னேன். நீயும் மனு போட்ட மற்றவர்களோடு சுவரோரம் நின்றாய்.

தலைவர் நல்ல மனிதர்தான், பொறுமைதான் கிடையாது. எனக்கும் கிடையாது. "தம்பி, குழில ஊத்தின தண்ணி பூமிக்குள்ள போவும். வேற எங்க போவும்?" என்றார்.

"பூமிக்குள்ள எங்கன்னுதான் கேக்கறேன்."

"அத நீதானப்பா சொல்லணும், படிச்சவன்!"

பேச்சு நீண்டது. ஜன்னலில் வெயில் ராஜகிரி மலை உச்சிக்கு ஏறியதும் நீ துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டாய். சமணர் வீடு, உங்கள் வீட்டில் பொழுது சாய்ந்தபின் யாரும் சாப்பிடுவதில்லை. "நான் போயி சாப்புட்டு வந்துடறேன். நீங்க அதுக்குள்ள ஒரு முடிவா கடையக் கட்டி வையிங்க, நான் வந்து தொறக்கறேன்" என்றாய். தலைவரே சிரித்துவிட்டார். கூட்டம் அத்தோடு கலைந்தது.

ஐப்பசி மழையில் பள்ளம் நிறைந்ததும் நான் நீலம் வாங்கினேன். துணிக்குப் போடுகிற அதே நீலம், கெடுதல் செய்யாது. கடைக்காரர், "ஊர்ல எல்லார் வேட்டியும் நீதான் தோய்க்கறியா?" என்று கேட்டார். பள்ளத்து நீரில் கரைத்து ஊற்றினோம். வெடிப்பு இருந்தால் நீலம் கிணறுகளில் வர வேண்டும். தினம் கிணறு கிணறாகப் போய் வாளியில் இறைத்து உற்றுப் பார்த்தேன். தண்ணீர் தண்ணீராகத்தான் இருந்தது. எத்தனை நாள் வாளியைப் பார்ப்பது? தடையில்லை என்று அறிக்கை எழுத ஆரம்பித்தேன். உன்னிடம் அதைச் சொன்னேன். டீக்கடையில் இருந்த எல்லாருக்கும் டீ சொன்னாய்.

மறுநாள் முற்பகலில், அதே டீக்கடையில் நான் வரைபடத்தை விரித்து வைத்திருந்தபோது நீ வந்தாய். உட்காரவில்லை. மடித்த ஒரு துணியை வரைபடத்தின் மேல் போட்டாய்.

உங்கள் வீட்டு வடிதுணி. அதை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். கிணற்றில் சேந்திய தண்ணீரை உன் அம்மா இரட்டையாக மடித்த அந்தத் துணியில் வடிகட்டித்தான் குடத்தில் விடுவார். பிறகு துணியைத் திருப்பிப் பிடித்து, வடித்த நீரையே அதன்மேல் ஊற்றி ஒரு சொம்பில் பிடிப்பார். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் துணியில் ஒட்டியிருக்குமாம். அந்தச் சொம்பைக் கயிற்றில் கட்டி, தண்ணீர் மட்டம் வரை இறக்கிச் சாய்த்துவிடுவார். எடுத்த கிணற்றிலேயே விட வேண்டும், வேறு கிணறு ஆகாது. சின்னப் பையனாக நான் இதற்கு ஒரு தடவை சிரித்தேன். "அதுங்க வூடு அதானேடா?" என்றார் உன் அம்மா. அதற்குமேல் அவர் விளக்கியதுமில்லை, நான் கேட்டதுமில்லை.

அந்தத் துணியின் நடுவில் நீலம் ஏறியிருந்தது. வானத்து நீலம்கூட இல்லை, அதன் நிழல். ஒரு வாளியில் தெரியாதது, தினம் தினம் குடம் குடமாக வடித்ததில் சேர்ந்திருந்தது.

"அம்மா சலவைக்குப் போட்டிருப்பாங்க" என்றேன்.

"இந்தத் துணி கெணத்தடிய வுட்டு நவுராது. உனக்குத் தெரியாதா?"

"தெரியும். கேக்கணும் இல்ல?"

"கேட்டுட்ட இல்ல? எழுது."

நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "காலைலேர்ந்து இத்தயே பாத்துக்கினு இருந்தேன்டா. போவுதான்னு அலசிக்கூடப் பாத்தேன். போவல."

"அலசின தண்ணிய இன்னா பண்ண?"

"கெணத்துலதான் வுட்டேன். வேற எங்க வுடுவேன்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துணியிலிருந்து நீலத்தை ஒளிக்கப் பார்த்தவன் அதைக் கிணற்றிலேயே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறாய். உனக்குச் சிரிப்பு வரவில்லை. "சிரிக்காத. எழுதித் தொலை" என்றாய்.

ஒரு துணியை வைத்து நான் எதையும் எழுத மாட்டேன் என்றேன். அது உனக்கு எரிச்சலாக இருந்தது. கடையும் இல்லை, இல்லை என்று முடிவும் இல்லை என்றால் யாருக்கும் எரிச்சல்தான். ஆனாலும் நீதான் உன் அம்மாவின் பழைய வெள்ளைப் புடவையைக் கிழித்து வந்தாய். மேட்டுத் தெருவிலும் உங்கள் தெருவிலும் வீடு வீடாகப் போய்க் குடத்து வாயில் கட்டச் சொன்னோம். உன் பக்கத்து வீட்டு வளையல்கார பாய், "இன்னா தம்பி, நம்மளயும் உங்க மதத்துல சேத்துட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே கட்டிக்கொண்டார். எல்லாருக்கும் ஒரே விதி சொன்னேன்: துணியைத் துவைக்கக் கூடாது. நீ ஒன்று சேர்த்துச் சொன்னாய்: அலசினால் அலசிய தண்ணீர் அதே கிணற்றுக்கு. பாய் தலையாட்டினார். தினம் அப்படியே செய்தார் என்று பிறகு அவர் வீட்டம்மா சொன்னார்.

துணிகளை வாங்கி வந்து தலைவர் மேஜையில் பரப்பினேன். மேட்டுத் தெருத் துணிகள் வெள்ளை. உங்கள் பக்கத்துத் துணிகள் நீலம்.

"இத்தினி கந்தைய வச்சிக்கினு ஊருக்கு வர்ற கடைய நிறுத்தப் போறியா?" என்றார் தலைவர்.

"கடைய நிறுத்தச் சொல்லல. எடத்த மாத்தச் சொல்றேன். இன்னிக்கு நீலம் வருது. நாளைக்கு மீன் கழுவின தண்ணி வரும், அப்புறம் கக்கூசுத் தண்ணி வரும். அது கண்ணுக்கும் தெரியாது."

அவர் ஒரு நீலத் துணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது எந்த வூட்டுது?" என்றார். சொன்னேன். அது அவருடைய தங்கையைக் கட்டிக்கொடுத்த வீடு. துணியை மெதுவாகக் கீழே வைத்தார். பிறகு உன்னைப் பார்த்து, "மூலைக் கடைக்கு நீதானே மனு குடுத்த? நீ இன்னா சொல்ற?" என்றார்.

"முதல் துணி எங்க வூட்டுதுங்க" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய்.

மேட்டில் இடம் பார்த்து, அது யாருடையது என்று தீர்ந்து, திட்டம் திரும்ப மேலே போய் வருவதற்குள் காலம் ஓடியது. நீ மறுபடி கோணியைத் தூக்கினாய். அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தைகூடக் குறைபட்டுக்கொண்டதில்லை. கேலி மட்டும் நிற்கவில்லை. "ஓவர்சீயரே, என் கடைய எந்த மலை மேல கட்டறதா உத்தேசம்? ராஜகிரியா, கிருஷ்ணகிரியா? படி ஏறிப் பழகிக்கணும்."

பிறகு அவலூர்பேட்டைச் சந்தையிலிருந்து திரும்புகையில் நீ ஏறி வந்த லாரி திருப்பத்தில் கவிழ்ந்தது. தகவல் வந்து நான் போனபோது சாலை ஓரமெல்லாம் டம்ளர்கள் கிடந்தன. வெயிலில் கண் கூசியது. அதற்குமேல் அந்த நாளைப் பற்றி எழுத மாட்டேன்.

பள்ளத்தில் கடை கட்டியிருந்தால் நீ அந்த லாரியில் ஏறியிருக்க மாட்டாய். ஊரில் இதைச் சிலர் என் காதுபடவே சொன்னார்கள். தவறு என்று சொல்ல முடியாது, கணக்கு அப்படித்தான் வருகிறது. நானும் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் கணக்கில் துணியைக் கொண்டு வந்தவன் நீ என்பதையும் சேர்க்க வேண்டும். நீ வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் நான் தடையில்லை என்று எழுதியிருப்பேன். நீ நாற்காலியில் உட்கார்ந்திருப்பாய். உன் அம்மா தினமும் அந்தத் தண்ணீரை வடித்து உனக்குக் கொடுத்திருப்பார். இதெல்லாம் உனக்கு அன்று காலையிலேயே தெரியும். தெரிந்துதான் வந்தாய். நான் அதன்மேல் என் வருத்தத்தை ஏற்றி, நீ செய்ததை என்னுடையதாக்கிக் கொள்ளப் போவதில்லை.

வேலை முடித்து மூலைக் கடைக்குள் போய் நின்றேன். ஜவுளி வைக்கப் போகிறார்களாம். கடையை எடுத்தவர், "ஆணி எங்க அடிக்கலாம் சார்?" என்று கேட்டார். உயரமாக அடியுங்கள், தூக்குவாளி தலையில் இடிக்கும் என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

அங்கிருந்து நேராக உங்கள் வீட்டுக்குத்தான் போனேன். அம்மாவுக்கு முதுகு வளைந்துவிட்டது. கிணற்றடியில் நின்றிருந்தார். கயிற்றை வாங்கி நான் சேந்தினேன். துணியை மடித்துக் குடத்து வாயில் போட்டார், நான் ஊற்றினேன். குடித்தேன். கடைகள் முடிந்துவிட்டன, நாளைக்குத் திறக்கிறார்கள் என்றேன். "ம்" என்றார். பிறகு, "உயரமா இருக்குதா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "அவன் ஏறியிருப்பான்" என்றார்.

என் பையில் மட்டக் கருவியோடு ஒரு வெள்ளைத் துணி எப்போதும் இருக்கிறது. எந்த ஊரில் இடம் பார்க்கப் போனாலும் முதலில் கிணற்றடிக்குத்தான் போகிறேன். உன்னைப் பற்றி யாருக்கும் சொல்வதில்லை. சொல்ல எனக்கு நேரமில்லை, அவர்களுக்குக் கேட்கப் பொறுமையில்லை.

அம்மா வடிதுணியை எடுக்கப் போனார். நான் முந்திக்கொண்டு எடுத்தேன். வெயிலுக்கு நேரே விரித்துப் பார்த்தேன்.

"இன்னாடா பாக்கற?"

"ஒண்ணுமில்லம்மா. வெள்ளையா இருக்குது."

துணியைத் திருப்பிப் பிடித்து, அவர் ஊற்ற ஊற்றச் சொம்பில் பிடித்தேன். சொம்பைக் கயிற்றில் கட்டி மெல்ல இறக்கினேன். தண்ணீரைத் தொட்டதும் கயிறு தளர்ந்தது. அவசரப்படாமல் சாய்த்தேன்.